ஏழு பேர் சங்கமும் முப்பத்தெட்டாம் சீட்டும்

சுதந்திரம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மலாக்காவில் துரைமார் ஒவ்வொருவராக வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டுவிட்டுக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த நேரம். போகிற துரை நாயை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போனார். பியானோவை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போனார். பெல்லிங்ஹாம் துரையும் தன் வக்கீல் ஆபீசில் இருந்த எண்ணூறு சட்டப் புத்தகங்களைக் கோர்ட்டுக்கு இனாமாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அந்தப் புத்தகங்களைப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்ட கருப்பையாவை மட்டும் யாரிடமும் ஒப்படைக்க அவருக்கு ஞாபகம் வரவில்லை.

பார்த்துக்கொண்டான் என்றால் தூசி தட்டினான் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டப் புத்தகம் என்பது அச்சாகி வந்த அன்றே பழசாகிப்போகிற சரக்கு. அரசாங்கம் எங்கேயோ ஒரு வரியை மாற்றும். மாற்றிய வரியைச் சின்னச் சீட்டாக அச்சடித்து அனுப்பும். அந்தச் சீட்டைப் பழைய வரியின் மேல் ஓரம் பிசகாமல் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் வக்கீல் செத்துப்போன சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜட்ஜ் முன்னால் வாதாடுவார். அவசரகாலச் சட்டம் நடந்த வருஷங்களில் வாரத்துக்கு ஒரு கட்டுச் சீட்டு வரும். சுதந்திரம் வந்ததோ இல்லையோ, ஹை கமிஷனர் என்று இருந்த இடத்திலெல்லாம் புது மாமன்னரின் பட்டமான அகோங் என்று ஒட்ட வேண்டியதாயிற்று. ஊரெல்லாம் மெர்டேக்கா, விடுதலை என்று கூவிக்கொண்டிருந்தபோது கருப்பையா மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, கரப்பான் அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு, ராஜ்யத்தைப் பக்கம் பக்கமாக ஒட்டி மாற்றிக்கொண்டிருந்தான்.

ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு சீட்டையும் படித்துவிடுவது அவன் வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. ஐம்பத்தொன்றில் நான்கு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டான். அந்த நான்கு நாளில் வந்த கட்டு பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரும் என்று, தோட்டத்திலிருந்து அரிசி வெளியே போவதைத் தடுத்திருந்த காலம். அந்தக் குற்றத்துக்காக ஒரு பால்வெட்டுக்காரியை அந்த வாரம் கோர்ட்டில் நிறுத்தினார்கள். அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு வரி அந்தக் கட்டுக்குள் இருந்தது. அவளுக்காக வாதாடிய துரை பழைய வரியைப் படித்தார், அவள் ஆறு மாதம் உள்ளே போனாள். துரை அதை மறந்துவிட்டார். கருப்பையா மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு சீட்டையும் அவன் ஒட்டாமல் விட்டதில்லை.

சரி, இப்போது அவன் நிலைமைக்கு வருவோம். தெங்கேராவில் ஆபீசுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில்தான் அவனும் மனைவி ருக்மணியும் இருந்தார்கள். வேலையோடு ஒட்டிக்கொண்ட அறை. கட்டடம் கை மாறியதும் புது முதலாளி, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். ருக்மணிக்கு ஏழாம் மாதம். அவளுடைய அண்ணன் ரப்பர்த் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில், ஒரு பக்கத்தை ஒதுக்கித் தருவதாகவும், கருப்பையாவுக்கு வெளிக்காட்டில் புல் வெட்டும் வேலை கேட்டு வைத்திருப்பதாகவும், மாதக் கடைசிச் சனிக்கிழமை லாரியோடு வருவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தான். கருப்பையா லயத்தில் பிறந்தவன். மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, எழுத்துக் கூட்டி, அங்கிருந்து வெளியே வர அவனுக்கு இருபது வருஷம் பிடித்தது. தன் பிள்ளை லயத்தில் பிறக்கக்கூடாது என்பதைத் தவிர அவனுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை எதுவும் கிடையாது.

அப்போதுதான் கோர்ட்டு நூலகத்துக்கு ஆள் தேவை என்ற சேதி காதில் விழுந்தது. அதே எண்ணூறு புத்தகம், அதே சீட்டு, அதே பசை. சேதி ஒட்டியிருந்த இடம் மட்டும் கோர்ட்டு அல்ல, காஜா பெராங்கில் ஒரு கடைவீட்டு மாடிப்படி ஓரத்துப் பலகை. 'தென்வட்டாரச் சட்ட நூலகர் சங்கம்' என்று பெயர். 'வட்டாரத்தில் எந்தச் சட்ட நூலகப் பணியும் சங்கத்தின் வேலைவாய்ப்புக் குழு மூலமாகவே நிரப்பப்படும். உறுப்பினர் மட்டுமே தகுதி உடையோர். நேரில் சென்று கேட்போர் ஆயுளுக்கும் தகுதி இழப்பர்.' கீழே மூன்று கையெழுத்து, இரண்டு சாப் முத்திரை.

"கோர்ட்டு என்ன சீமையிலயா இருக்கு? நடந்தா அரை மணி நேரம். நேரா போயிக் கேளுங்களேன்" என்றாள் ருக்மணி.

"ஆயுசுக்கும் தகுதி போயிரும்னு போட்டிருக்கான்."

"அவன் போட்டா? யாரு அவன்?"

கருப்பையாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. அச்சடித்து, சாப் குத்தி, பலகையில் ஒட்டிய ஒன்றை யார் போட்டார்கள் என்று கேட்கலாம் என்பதே அவனுக்குத் தோன்றாத விஷயம். அந்தப் பழக்கம்தான் அவன் குடியைக் கெடுத்தது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் பசியாறிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு காஜா பெராங்குக்குப் போனான். கீழே சைக்கிள் கடை. வைத்திருந்தவர் பக்கத்துச் செட்டிக் கம்பத்துக்காரர், தலைமுறைகளுக்கு முன்பே தமிழை மறந்துபோன மலாக்காச் செட்டி. நெற்றியில் பளிச்சென்று திருநீறு, வாயில் மலாய் மட்டும். மேலே ஆள் இருக்கிறார்களா என்று கருப்பையா கேட்டதற்கு, "ஓராங் ஆடா. சுவாரா தாடா" என்றார் அவர். ஆள் இருக்கிறார்கள், சத்தம்தான் இல்லை என்று அர்த்தம்.

மேலே போனதும் விளங்கிற்று. சங்கத்தின் அறை நூலகத்துக்குச் சமம் என்பது நான்காம் விதி. ஆகவே அங்கே தலைவரைத் தவிர யாரும் வாய் திறக்கக்கூடாது. செயலாளர் கலியாணசுந்தரம், வழித்து வாரிய தலையோடு பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கருப்பையா வணக்கம் சொன்னான். அவர் உதட்டில் விரலை வைத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் 'என்ன வேண்டும்?' என்று எழுதி நீட்டினார். பதில் எழுதப் பென்சில் வேண்டும். பென்சில் சங்கச் சொத்து. அதை வாங்கப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடப் பென்சில் வேண்டும். கருப்பையா அந்தப் பதிவேட்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். கால் மணி நேரம் கழித்துச் செயலாளரே இரக்கப்பட்டு, 'கைரேகையும் செல்லும்' என்று எழுதிக் காட்டினார்.

விண்ணப்பம் நான்கு பக்கம். ஏழாவது கேள்வி இது: 'உங்களைப் பத்து ஆண்டுகள் நன்கு அறிந்த உறுப்பினர் இருவர் சான்றளிக்க வேண்டும். பாரபட்சம் நேராதிருக்க, அவ்விருவரும் உங்களுக்கு அறிமுகம் இல்லாதவராக இருத்தல் அவசியம்.' கருப்பையாவுக்குத் தலை சுற்றியது. செயலாளருக்குச் சுற்றவில்லை. அதற்கென்று சங்கத்தில் ஏற்கெனவே ஒரு வழி வைத்திருந்தார்கள். இரண்டு உறுப்பினர்கள் உள்ளறையிலிருந்து வந்து, கருப்பையாவை ஜன்னலோரம் நிறுத்தி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உற்றுப் பார்த்தார்கள். ஒரு நிமிஷத்துக்கு ஒரு வருஷம் கணக்கு. ஆறாவது வருஷத்தில் கருப்பையாவுக்குத் தும்மல் வந்தது. அவர்கள் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

அடுத்து அவனை எந்தப் பெயரில் பதிவது என்ற பிரச்சினை. புத்தகம் என்றால் எழுதியவர் பெயரில் பதியலாம். வேலையாள் என்றால் வேலை கொடுத்தவர் பெயரில்தான் பதிய வேண்டும் என்று அரை மணி நேரம் சீட்டுகள் பரிமாறி முடிவு செய்தார்கள். கடைசியில் 'பெல்லிங்ஹாம், காலஞ்சென்ற அலுவலகம், உதிரிப் பொருள்' என்று எழுதி, விண்ணப்ப எண் தொண்ணூற்றிரண்டு என்று சாப் குத்தினார்கள். காகிதத்தில் ஒன்று, கருப்பையாவின் மணிக்கட்டில் ஒன்று.

அன்று சாயங்காலம் ருக்மணி அந்த ஊதா மையைத் தேங்காய் நாரால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. "சந்தையில மாட்டுக்குத்தான் இப்படிக் குத்துவாங்க" என்றாள். கருப்பையா சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டான்.

தலைவர் பொன்னுதுரை வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கேயோ ஓர் ஆபீசில், அவர் வாயில் கந்தோரில், பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் மொத்தம் ஏழு பேர். ஒருவர் சுங்கத்தில், ஒருவர் தபாலில், ஒருவர் தண்ணீர் இலாகாவில் என்று இருந்தார்கள். சட்டப் புத்தகத்தைக் கையால் தொட்டே பல வருஷம் ஆனவர்கள். தலைவர் மட்டும் பேசலாம் என்று விதி இருந்ததால், மற்ற ஆறு பேரும் அடக்கிவைத்த பேச்சையெல்லாம் சேர்த்து அவரே பேசினார். அடுத்த வாரம் கருப்பையாவை எதிரே நிறுத்திவைத்து அவர் பேசியது இது:

"தம்பி, இந்தச் சங்கத்தை நாப்பத்தாறில ஏழு பேரோட துவங்கினம். இண்டைக்கும் ஏழு பேர்தான். மற்றச் சங்கங்களைப் பாரும். வாறவன் போறவனை எல்லாம் சேர்த்து, நூறு இருநூறு எண்டு கெட்டுப்போச்சுதுகள். எங்களுக்கு இதுவரைக்கும் தொண்ணூற்றொரு விண்ணப்பம் வந்தது. ஒண்டையும் உள்ளுக்கு விடேல்லை. அதைத்தான் தரம் எண்டு சொல்லுறது. எங்கட வேலைவாய்ப்புக் குழுவைப் பற்றி இந்த வட்டாரத்தில ஒரு முறைப்பாடு சொல்லச் சொல்லும் பாப்பம். நீங்கள் அனுப்பின ஆள் சரியில்லை எண்டு இண்டைக்கு வரைக்கும் ஒரு கந்தோரும் எழுதினதில்லை. ஏனெண்டால் நாங்கள் ஒருத்தரையும் அனுப்பேல்லை. துரைமார் போயிட்டினம். இனி நாட்டை நாங்கள்தான் நடத்தவேணும். கதவைத் திறந்துவிட்டால் யாரும் வந்துடுவினம், கண்டீரோ?"

ஆறு பேரும் சத்தம் வராமல் கை தட்டினார்கள். உள்ளங்கை படாமல் கைதட்டுவதற்கு அவர்கள் நல்ல பயிற்சி எடுத்திருந்தார்கள்.

"ஐயா, மாசக் கடைசிக்குள்ள முடிஞ்சிருமுங்களா? வீட்டுல ஏழு மாசம். எடம் காலி பண்ணணும்" என்றான் கருப்பையா. அவனுக்குக் குரல் தாழ்த்திப் பேசத்தான் தெரியும், அதையும் மீறல் என்று செயலாளர் குறித்துக்கொண்டார்.

"சோதனை ஒண்டு இருக்கு. அது முடிஞ்சால் கடிதம். கடிதம் கிடைச்சால் கோர்ட்டு" என்றார் தலைவர்.

சோதனையை அதற்கும் அடுத்த வாரம் வைத்தார்கள். சங்கத்தின் விதிப்புத்தகம் ஒன்றையும், ஒரு பிஸ்கட் டின்னையும் கொண்டுவந்து அவன் முன் வைத்தார் செயலாளர். டின் நிறையத் திருத்தச் சீட்டுகள், மொத்தம் அறுபத்து மூன்று. சங்கம் தன் விதிகளைத் திருத்தும்போதெல்லாம் அச்சடித்து, உறுப்பினருக்கு ஒன்று என்று அனுப்பிவைத்தவை. பாதி உறைகளை யாரும் பிரித்திருக்கவே இல்லை. மூன்று மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஒட்டி முடிக்க வேண்டும்.

அந்த மூன்று மணி நேரம்தான் கருப்பையாவுக்கு அந்த மாதத்திலேயே சந்தோஷமாக இருந்த நேரம். வீட்டிலிருந்து பால் டின்னில் பசை கொண்டுவந்திருந்தான். சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி, ஓரம் வெட்டி, ஒவ்வொன்றாகப் படித்து, விரல் நுனியால் நீவி ஒட்டினான். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. தபால் இலாகா உறுப்பினர்கூட எழுந்து வந்து பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார்.

முப்பத்தெட்டாம் சீட்டில் அவன் கை நின்றது. நாற்பத்தொன்பதாம் வருஷத்துச் சீட்டு. பன்னிரண்டாம் விதிக்குப் பதிலாகப் புது விதி. 'ஒவ்வோர் உறுப்பினரும் தம் விதிப்புத்தகத்தில் எல்லாத் திருத்தங்களையும் தம் கையால் ஒட்டி, ஆண்டு முடிவதற்குள் குழுவிடம் காட்ட வேண்டும். காட்டாதவரின் உறுப்புரிமை டிசம்பர் முப்பத்தொன்றுடன் தானே அற்றுப்போகும். அற்றுப்போனவர் எந்தப் பொறுப்பும் வகிக்க இயலாது.' அதை மாற்றும் சீட்டு பின்னால் ஏதும் வருகிறதா என்று மீதி இருபத்தைந்தையும் புரட்டிப் பார்த்தான். வரவில்லை. சுவர் அலமாரியில் ஏழு பேருடைய விதிப்புத்தகங்களும் வரிசையாக இருந்தன. வாங்கி வைத்த நாளின் மினுமினுப்புப் போகாமல் இருந்தன. ஒன்றிலும் ஒரு சீட்டு இல்லை.

யாரையும் மாட்டிவைக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை, அப்படி நினைக்கத் தெரிந்தவனாக இருந்தால் எப்போதோ பிழைத்திருப்பான். ஒரு வரி பழசாகிக் கிடக்கிறது, பெரியவர்களிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவன் அறிந்தது. எல்லாவற்றையும் ஒட்டி முடித்து, புத்தகத்தைத் தலைவரிடம் நீட்டி, "ஐயா, பன்னெண்டாம் விதியக் கொஞ்சம் பாக்கணும். ஒம்பது வருசமா யாரும் ஒட்டல போலருக்கு. இந்தக் கணக்குல பாத்தா, நாப்பத்தொம்பது டிசம்பரோட எல்லாருக்கும் உறுப்புரிமை முடிஞ்சிருச்சுங்க" என்றான்.

செயலாளர் விதியையும் மறந்து வாய் திறந்தார். "உங்கள ஒட்டச் சொன்னோம். படிக்கச் சொன்னோமா?"

"படிக்காம எப்படிங்க ஒட்டுறது?"

"நாங்க யாரும் படிக்காம ஒம்பது வருஷம் நடத்தல?"

அவனை மாடிப்படியில் உட்காரவைத்துவிட்டு அவசரக் கூட்டம் போட்டார்கள். அவசரக் கூட்டத்தில் எல்லாரும் பேசலாம் என்று இருபத்திரண்டாம் சீட்டு சொல்கிறது, அதைக் கருப்பையாதான் அன்று காலை ஒட்டியிருந்தான். ஆகவே உள்ளே ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசியது கீழே சைக்கிள் கடை வரைக்கும் கேட்டது. கடைக்காரர் சக்கரத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்து, அண்ணாந்து பார்த்தார்.

ஒரு மணி நேரம் கழித்து அவனை உள்ளே கூப்பிட்டார்கள். தலைவர் பொன்னுதுரை நிதானமாகவே இருந்தார்.

"ஐசே, நீர் வடிவாத்தான் ஒட்டியிருக்கிறீர். அதில குறையில்லை. ஆனால் யோசிச்சுப் பாரும். உறுப்பினர் இல்லையெண்டால் குழு இல்லை. குழு இல்லையெண்டால் உமக்கு இந்தச் சோதனையை வைச்சது ஆர்? ஒருத்தரும் வைக்காத சோதனையை நீர் எப்பிடி எழுதியிருக்க முடியும்? அப்ப உமக்குக் கடிதம் தாறது ஆர்? பாத்தீரோ, இந்தச் சீட்டால உமக்குத்தான் நட்டம்."

"ஆனா விதிப்படி..."

"விதிப்படி பாத்தால், இந்தத் தென்வட்டாரத்தில எல்லாத் திருத்தத்தையும் தன் கையால ஒட்டின ஆள் நீர் ஒருத்தர்தான். அப்ப நீரே தலைவர், நீரே செயலாளர், நீரே குழு. இருந்துகொள்ளுறீரோ இந்தக் கதிரையில?"

கருப்பையா கைகூப்பினான். "ஐயோ சாமி, எனக்கு அதெல்லாம் வேணாங்க. எனக்கு வேலதான் வேணும்."

"அதைத்தான் நாங்களும் சொல்லுறம். ஒட்டாத திருத்தம் நடைமுறைக்கு வராத திருத்தம். முப்பத்தெட்டை மட்டும் கழட்டிவிடும். மற்ற அறுபத்திரண்டும் இருக்கட்டும். நாளைக்கே கடிதம்."

யோசித்துச் சொல்வதாகக் கருப்பையா சொன்னான். அவன் எதையும் அப்படித் தள்ளிப்போட்டது அதுதான் முதல் தடவை.

தெங்கேராவில் அறையின் ஒரு பக்கத்துக்குப் புது முதலாளியின் ஆட்கள் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். ருக்மணி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவைத்துவிட்டு, கட்டாத ஒரே சட்டியில் கஞ்சி வைத்திருந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தான், அவள் சிரிக்கவில்லை.

"பிச்சிருங்க" என்றாள். "அது என்ன கோர்ட்டு சட்டமா? ஏழு கெழவனுங்க சேந்து ஆடுற ஆட்டம். அதுல ஒரு தாளு இருந்தா என்ன, போனா என்ன?"

"ஒட்டுன சீட்ட நான் இதுவரைக்கும் பிச்சதில்ல ருக்கு."

"தெரியும். அந்த அரிசிக்காரி கதைய மாசத்துக்கு ஒரு தடவ சொல்றீங்க. அவ ஆறு மாசம் உள்ள இருந்துட்டு வெளிய வந்துட்டா. நான் சனிக்கெழம லாரி ஏறுனா, அந்த லயத்த விட்டு எப்ப வெளிய வருவேன், சொல்லுங்க."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஊதா எண் மங்கிப்போயிருந்த அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கஞ்சியைக் குடிக்காமலே எழுந்தார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை. வாரத்துக்கு ஒரு நாள் வருகிற தலைவர் அந்த வாரம் இரண்டாம் நாளும் வந்திருந்தார். சங்கத்து அடுப்பில் கெண்டியை வைத்து, அதன் ஆவியில் பக்கத்தைக் காட்டி, மெல்லிய கத்தியால் முப்பத்தெட்டாம் சீட்டைக் கருப்பையா கழற்றினான். ஒட்டுவதைவிடக் கழற்றுவதற்குத்தான் கை நுணுக்கம் அதிகம் வேண்டும். அவன் பசை லேசில் விடுகிற பசையும் அல்ல. பழைய பன்னிரண்டாம் விதி ஒரு எழுத்துக்கூடச் சேதம் ஆகாமல் மறுபடி வெளியே வந்தது. ஏழு பேரும் எழுந்து நின்று சத்தமில்லாமல் கை தட்டினார்கள். அவனுக்கு மட்டும் அவமானமாக இருந்தது, குளிக்க வேண்டும் போல இருந்தது.

"முடிவு பின்னேரம் வரும்" என்றார் தலைவர்.

பின்னேரம் செயலாளர் தட்டச்சு செய்த தாளை நீட்டினார். 'விண்ணப்ப எண் தொண்ணூற்றிரண்டு. கொடுத்த சீட்டுகள் அறுபத்து மூன்று. ஒட்டப்பட்டவை அறுபத்திரண்டு. ஒன்று குறைவு. தேர்ச்சி இல்லை. மூன்று ஆண்டு கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம்.'

கருப்பையா அதை இரண்டு தடவை படித்தான். "ஐயா, அந்த ஒண்ண நீங்கதானே கழட்டச் சொன்னீங்க?"

கலியாணசுந்தரம் குரலைத் தாழ்த்தினார். அவர் முகத்தில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. "சொன்னோம், இல்லன்னு சொல்லல. ஆனா சொன்னது மினிட்ஸ்ல இல்ல. மினிட்ஸ்ல எழுதணும்னா எந்தச் சீட்டுன்னு எழுதணும். எந்தச் சீட்டுன்னு எழுதுனா அப்படி ஒரு சீட்டு இருக்குன்னு ஆயிடும். உங்க மேல எங்களுக்கு ஒரு குறையும் கிடையாது மிஸ்டர். சோதனைத்தாளப் பாத்தா ஒண்ணு குறையுது, நாங்க என்ன பண்றது? தரம்னு ஒண்ணு இருக்குல்ல."

கோபப்படத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் மேசையைக் கவிழ்த்திருப்பார்கள். கருப்பையா பால் டின்னை எடுத்துக்கொண்டு படி இறங்கினான். இறங்கின பிறகு, வீட்டுக்குப் போகிற பக்கம் திரும்பாமல், நடு ரோட்டில் கொஞ்ச நேரம் நின்றான். ஆயுளுக்கும் தகுதி போனால் போகட்டும் என்று அவனுக்கு அப்போதுதான் தோன்றியது. போவதற்கு இனி என்ன இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை கோர்ட்டு திறக்கும்போதே போய் நின்றான். பெரிய கிராணி சுப்புராமன் செட்டிநாட்டுக்காரர், நல்ல மனிதர். நாற்காலியைக் காட்டி, உட்காருங்க, பசியாறியாச்சா என்று கேட்டார். கருப்பையா நின்றுகொண்டே, நூலக வேலை காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டதாகச் சொன்னான்.

"அடடே, போன திங்கக்கெழமதான் ஆளப் போட்டோம். கிள்ளான்லருந்து ஒரு பையன், பாசார்ல காய்கறிக் கடையில கணக்கு எழுதிக்கிட்டிருந்தவன். அவனா வந்து கேட்டான், இருக்கட்டும்னு குடுத்துட்டோம்."

"சங்கத்துக் கடுதாசி இருந்துச்சுங்களா அவருகிட்ட?"

"எந்தச் சங்கம்? ஓ, காஜா பெராங் மாடியா?" சுப்புராமன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தக் கதைய ஏன் கேக்குறீங்க. கோர்ட்டுக்கும் அவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்த பெல்லிங்ஹாம் தொரையோட பொஸ்தகமெல்லாம் இங்க வந்துச்சு பாருங்க, அதப் பிரிச்சுப் பாத்துட்டு ரெஜிஸ்திரார் அசந்து போயிட்டாரு. எண்ணூறு பொஸ்தகத்துல ஒரு சீட்டு விடுபடல. இத ஒட்டுன ஆளு யாரு, அவரே வரட்டும், வேற யாரும் வேணாம்னுட்டாரு. தொரை கப்பல் ஏறிட்டாரு, ஆபீசும் பூட்டியாச்சு, அந்த ஆளு பேரு எங்களுக்குத் தெரியல. சட்டப் பொஸ்தகக்காரங்க சங்கமாச்சே, அவங்களுக்குத் தெரியாம இருக்குமான்னு ரெண்டு தடவ எழுதிக் கேட்டோம்."

அவர் கோப்பைப் பிரித்து ஒரு தாளைத் திருப்பி வைத்தார். மூன்று கையெழுத்து, இரண்டு சாப். 'தாங்கள் குறிப்பிடும் நபர் எமது உறுப்பினர் பதிவேட்டில் இல்லை. ஆகவே அப்படி ஒருவர் வட்டாரத்தில் இல்லை எனக் கொள்ளவும். தகுதியுடையவர் உருவாகும் வரை பணியிடத்தைக் காலியாக வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறோம்.' தேதியைப் பார்த்தான் கருப்பையா. பெல்லிங்ஹாம் பெயரில் பதிந்து அவன் மணிக்கட்டில் அவர்கள் சாப் குத்திய நாள் அது.

"ரெஜிஸ்திரார் ரெண்டு வாரம் காத்திருந்து பாத்தாரு. அதுக்கு மேல முடியல" என்றார் சுப்புராமன். "நீங்களும் இந்த வேலையில இருந்தவரு மாதிரி தெரியுது. அந்த ஆளத் தெரியுமா உங்களுக்கு?"

சொல்லியிருக்கலாம். வேலை போனது போனதுதான், ஆனாலும் நான்தான் அது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புதன்கிழமை வரைக்கும் என்றால் சொல்லியிருப்பான். ஒரு சீட்டையும் விடாத அந்த ஆள் இப்போது தான் அல்ல என்று அவனுக்குத் தோன்றியது.

"பாத்திருக்கேங்க" என்றான்.

"மறுபடி பாத்தா சொல்லுங்க, ரெஜிஸ்திரார் அவரத்தான் தேடுனாருன்னு. கேட்டா சந்தோசப்படுவாரு மனுசன்."

"சொல்றேங்க" என்று சொல்லிவிட்டு, கருப்பையா சாமான் கட்ட வீட்டுக்கு நடந்தான்.